தனுஷ்கோடி மணலில் ஒரு சுற்று நடை: காற்றைப் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

ராமேஸ்வரம் தீவின் கிழக்குக் கோடி, மழை முடிந்த சில வாரங்களைத் தவிர, ஆண்டு முழுக்கப் பாலையாகத்தான் கிடக்கிறது. வெள்ளை மணல் மேடுகள், இராவணன் மீசைப் புல், உப்புப் பூத்த சமதரை. ஒதுங்கி நிற்க ஒரு மரம் தேடினாலும் கிடைப்பது சிரமம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை. நடுவில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தீவின் கிழக்கு முனையான அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ. தார்ச்சாலை, 2017-ல் திறந்தது.

புதிதாக நடப்பவருக்கு இந்தச் சாலைதான் பெரிய துணை. ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்பும் இந்தச் சுற்றின் எந்த இடத்தில் முடியாமல் போனாலும், கடலுக்கு முதுகைக் காட்டி நேராக நடந்தால் சாலை வந்துவிடும். வழி தவறிவிடுமோ என்ற பயம் இங்கே தேவையில்லை. கவலைப்பட வேண்டியது மூன்று: காற்று, வெயில், மணலின் இறுக்கம். பலரும் 'எத்தனை கிலோமீட்டர்' என்பதிலிருந்து திட்டம் போடத் தொடங்குகிறார்கள். அதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். முதலில் முடிவாக வேண்டியது எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது. அதே 6 கி.மீ. சுற்றைச் சரியான திசையில் நடந்தால் பத்து வயதுப் பிள்ளையும் சிரித்துக்கொண்டே முடிக்கும். தப்பான திசையில் நடந்தால் நல்ல உடல்வாகுள்ள ஆளும் கடைசி இரண்டு கிலோமீட்டரில் துவண்டுபோவார்.

எந்த மாதம், எந்தக் காற்று

நடப்பதற்கு ஏற்ற காலம் டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். வாடைக் காற்று வீசும், காலை வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். மார்ச்சில் அதிகாலையில் தொடங்கி எட்டரைக்குள் முடிப்பதானால் போகலாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் வேண்டாம். காலை ஒன்பது மணிக்கே மணல் அனலாகிவிடும். போதாக்குறைக்கு அந்த மாதங்களில் தென்கடலில் கள்ளக்கடல் ஏறும். காற்றே இல்லாத நாளிலும், தொலைவில் இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நீளமான அலை திடீரென்று கரை ஏறி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முந்தைய மாலை அதைப் பார்த்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று. கணுக்கால் உயரத்தில் மணல் ஓடிக்கொண்டே இருக்கும், கண்ணிலும் காதிலும் அப்பும். அக்டோபர், நவம்பர் மழை, புயல் மாதங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில்தான் பழைய தனுஷ்கோடி ஊரே அழிந்தது. ஆகவே டிசம்பரிலும் வானிலை அறிக்கையில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்ற சொல்லைக் கண்டால் நடையைத் தள்ளிப்போடுங்கள்.

இப்போது திசைக்கு வருவோம். இந்த நிலம் கிழக்கு மேற்காக நீண்டது. அதனால் சுற்றில் ஒரு நீளப்பக்கம் காற்றை எதிர்த்தும், மறுபக்கம் காற்றை முதுகில் வாங்கியும் இருக்கும். எதிர்காற்றை முதல் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் தெம்பு இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. திரும்பும்போது காற்று தள்ளிவிடும்.

வாடைக் காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். பழைய ஊர் இடிபாடுகளில் தொடங்கி வடகரை வழியாகக் கிழக்கே போய், சாலையைக் கடந்து தென்கரைக்கு வந்து, மேற்கே திரும்புங்கள். அந்த மாதங்களில் வடகடல் குமுறும், தென்கடல் அடங்கியிருக்கும். திரும்பும் வழியில் மணல் மேடுகள் காற்றைக் கொஞ்சம் மறைக்கும். கச்சான் காலத்தில் போகாமல் தீராது என்றால் எல்லாவற்றையும் புரட்டிப்போடுங்கள். வண்டியைக் கிழக்கே அரிச்சல்முனைப் பக்கம் நிறுத்தி, தென்கரையில் மேற்கு நோக்கி எதிர்காற்றில் நடந்து, வடகரையில் கிழக்கே திரும்ப வேண்டும். அப்போது தென்கடல் சீறும், வடகடல் குளம்போலக் கிடக்கும். ராமேஸ்வரத்தில் தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. பெண்கடல் எப்போதும் சாது என்று அதற்குப் பொருளில்லை. வாடையில் அதன் பக்கம் நின்று பார்த்தால் தெரியும்.

முதுகுக்காற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றும் நீங்களும் ஒரே பக்கம் போவதால் உடம்பில் காற்றே படாதது போலத் தோன்றும், வியர்வை காயாது, சூடு ஏறும். திரும்பும் பாதியில் தலையில் ஈரத்துண்டு வேண்டும் என்பது இதனால்தான்.

வரைபடத்தில் சுற்றை வரைதல்

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, அது எந்தத் தேதியில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். இங்கே கரை ஒவ்வொரு பருவத்திலும் நகரும். நடுவில் உள்ள உப்புத்தரை மழைக்குப் பின் நீர்நிலையாகிவிடும். மே மாதப் படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடம் ஜனவரியில் முழங்கால் தண்ணீராக இருக்கலாம். நவம்பருக்குப் பின் எடுத்த படம் கிடைத்தால் அதையே நம்புங்கள்.

பிறகு இடிபாடுகளுக்கும் அரிச்சல்முனைக்கும் இடையில் சாலையில் மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடிபாடுகளிலிருந்து 700 மீட்டரில் ஒன்று, 1.4 கி.மீ.-ல் ஒன்று, 2 கி.மீ.-ல் ஒன்று. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வடகரைக்கும் தென்கரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதுங்கள். கிழக்கே போகப் போக நிலம் குறுகுவதால் இந்த அளவு குறைந்துகொண்டே வரும். இந்த மூன்று புள்ளிகள்தான் தப்பிக்கும் வாசல்கள். முழுச் சுற்றாகத் தொடங்கியதை முதல் புள்ளியிலோ இரண்டாவதிலோ வெட்டிச் சின்னச் சுற்றாக முடித்துக்கொள்ளலாம். வந்த வழியே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஜி.பி.எஸ். செயலியில் குறித்ததோடு நிற்காமல் ஒரு தாளிலும் வரைந்து சட்டைப்பையில் வையுங்கள். வெயிலில் கைப்பேசி சூடேறி அணைந்துபோவது இங்கே அடிக்கடி நடக்கும்.

நேரக் கணக்கு இப்படி வரும். தார்ச்சாலையில் மணிக்கு 5 கி.மீ. நடப்பவர் ஈர மணலில் 4 கி.மீ. நடப்பார், காய்ந்த மணலில் 2 அல்லது 2.5-க்கு மேல் போகாது. காய்ந்த மணலில் கால் புதைந்து எழும் ஒவ்வொரு முறையும் உடம்பு செலவிடும் சக்தி கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இடிபாடுகளிலிருந்து 2 கி.மீ. கிழக்கே போய்த் திரும்பும் சுற்று, குறுக்கே கடக்கும் தூரங்களையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தரை, ஆறு கிலோமீட்டர். இரண்டு கரைகளில் சேர்த்து 4 கி.மீ. ஈர மணல், அதற்கு ஒரு மணி நேரம். மீதி ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் காய்ந்த மணல், அதற்கு முக்கால் முதல் ஒரு மணி. உட்காருவதற்கும் பார்ப்பதற்கும் முக்கால் மணி. ஆக, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகளோ அறுபது தாண்டியவர்களோ வந்தால் கிழக்கே 1.4 கி.மீ.-யோடு திரும்பிவிடுங்கள்.

சூரியன் ஜூனில் ஆறு மணிக்கு முன்பே உதித்துவிடும். ஜனவரி இறுதியில் 6:35 ஆகும். விடிந்ததும் முதல் அடி எடுத்து வைப்பதுதான் இலக்கு. எட்டரைக்குப் பிறகு காய்ந்த மணலில் கால் வைக்கும் வேலை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. ஒன்பதரைக்கு வண்டியில் இருக்க வேண்டும்.

அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏத்தமும் (கடல் ஏறுவது) வத்தமும் (கடல் இறங்குவது) மற்ற நாட்களைவிடக் கூடும். பாக் நீரிணைப் பக்கம் ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருக்கும் இடத்தில் அரை மீட்டர் ஏறினாலே நடக்கும் ஈர மணல் பட்டை மறைந்து, நீங்கள் காய்ந்த மணலுக்குத் தள்ளப்படுவீர்கள். வத்தம் உள்ள காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒருநாள் நேரம் தெரிந்தால் அடுத்த சில நாட்களுக்கு நீங்களே கணக்கிடலாம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசை நாட்களில் நடை வேண்டவே வேண்டாம். தீர்த்தமாட வரும் கூட்டத்தில் சாலை அடைத்துக்கொள்ளும்.

காலடி மணலைப் படித்தல்

எந்தப் பட்டையில் நடப்பது என்பதை அங்கேதான் முடிவு செய்ய முடியும். அலை கடைசியாக ஏறிய கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஈரமாக இருந்தும் தண்ணீர் நிற்காத மணலில் காலை அழுத்திப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மணல் நொடியில் வெளுத்து, காய்ந்ததுபோல ஆகும். காலை எடுத்ததும் மறுபடி கருக்கும். மணல் துகள்கள் நெருங்கி அடைந்திருப்பதன் அடையாளம் அது. அந்தப் பட்டையை விடாதீர்கள். மாறாக, அழுத்தும்போது மேற்பரப்பு பளபளத்து, பாதத்தைச் சுற்றித் தளதளவென்று ஆடினால் அது தளர்ந்த மணல். இன்னும் இரண்டு எட்டு மேலே ஏறுங்கள். குதிகால் ஒரு விரல் கனத்துக்கு மேல் இறங்கினால் அந்த இடம் நடக்க உகந்ததல்ல.

கரை சரிவாக இருக்கும் இடத்தில் நெடுநேரம் ஒரே பக்கம் நடந்தால் கடலை ஒட்டிய காலின் முழங்காலும் இடுப்பும் வலிக்கும். இந்தச் சுற்றில் கிழக்கே போகும்போது கடல் இடக்கைப் பக்கம் என்றால், திரும்பும்போதும் இடக்கைப் பக்கம்தான். ஆக, ஒரே காலுக்குத்தான் மூன்று மணி நேரமும் சுமை. அரைமணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் மேட்டோரத்துச் சமதரையில் நடந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

நடுவில் உள்ள உப்புத்தரைதான் ஏமாற்றும் இடம். வெள்ளைப் பொருக்கு ஓரம் சுருண்டு, கெட்டித்தரை போலவே தெரியும். பொருக்கின் அடியில் உளை, அதாவது கால் புதையும் சேறு, இருக்கலாம். கைத்தடியைச் செங்குத்தாகக் குத்திப் பாருங்கள். ஒரு சாணுக்குக் கீழே கறுப்புச் சேறு தட்டுப்பட்டு, கெட்டுப்போன முட்டை வாடை வந்தால் அந்த வழி வேண்டாம். சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான். உளையில் மாட்டினால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆனால் செருப்பு போகும், நேரம் போகும், வெயில் ஏறிவிடும். கால் இறங்கிவிட்டால் மற்றக் காலை ஊன்றி இழுக்காதீர்கள், இரண்டும் புதையும். உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, குதிகாலை ஆட்டி ஆட்டி எடுங்கள்.

மணல் மேட்டைக் கடக்கும்போது இராவணன் மீசைப் புதரின் மீது மிதிக்க வேண்டாம். அதன் இலை நுனி ஊசி மாதிரி; துணிக்காலணியையும் துளைத்து உள்ளே முறிந்து நிற்கும். அதோடு அந்தப் புல்லும் அடும்புக் கொடியும்தான் மேட்டைப் பிடித்து நிறுத்துகின்றன. ஒரே இடத்தில் நாலு பேர் மிதித்து வழியாக்கினால் அடுத்த கச்சானில் காற்று அந்த இடைவெளியில் புகுந்து மேட்டையே அறுத்துவிடும். ஏற்கெனவே மீனவர்கள் கடந்துபோன தடம் இருக்கும், அதிலேயே போங்கள்.

தண்ணீர்

இதில் சிக்கனமே கூடாது. மூன்று மணி நேர நடைக்கு ஒருவருக்கு ஜனவரியில் 2 லிட்டர், மார்ச்சில் 3 லிட்டர். வண்டியில் ஆளுக்கு இன்னும் ஒரு லிட்டர். பெரிய புட்டி ஒன்றாக எடுத்துப்போகாமல் ஒரே அளவில் இரண்டாக எடுங்கள். முதல் புட்டி போவதற்கு, இரண்டாவது வருவதற்கு. திரும்பும் முனையை எட்டும் முன்பே முதல் புட்டி காலியானால் அந்த இடத்திலேயே சாலைப் பக்கம் திரும்பிவிட வேண்டும். யாரும் விவாதிக்கக் கூடாத விதி இது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், 150 முதல் 200 மில்லி.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து கெண்டைக்கால் இழுக்கும், தலை கனக்கும். இரண்டாவது புட்டியில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு அதற்கு மேல் போகக் கூடாது. கிளம்பும் முன் உப்பிட்ட நீராகாரம் ஒரு சொம்பு குடித்துவிட்டு வருவது இந்த வெயிலுக்குப் பொருத்தமான பழக்கம். மோரைக் கையோடு கொண்டுபோவதென்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், பிறகு புளித்துப் பொங்கும். கொறிக்கக் கடலை மிட்டாயும் ஒரு துண்டு கருப்பட்டியும் போதும். மிக்சர், சிப்ஸ் வேண்டாம், தாகத்தைக் கிளப்பும்.

வழியில் ஊற்று கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது இங்கே உண்மைதான். மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கி, உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அதிகம் இறைத்தாலோ உப்பு மேலே வந்துவிடும். அங்கே குடிசையில் இருக்கும் மீனவக் குடும்பங்களுக்கு அந்த ஊற்றுதான் குடிநீர். அதில் கால் கழுவுவதோ புட்டி நிரப்புவதோ தகாது. அவசரம் என்றால் வீட்டில் இருப்பவரிடம் "அக்கா, கொஞ்சம் தண்ணி வேணும்" என்று கேளுங்கள். கொடுப்பார்கள்.

காலுக்கும் தலைக்கும்

வெறுங்காலோடு நடப்பது இனிமைதான், ஆனால் முழுச் சுற்றுக்கும் ஆகாது. உடைந்த கண்ணாடி, மீன் முள், அறுந்த வலையோடு கிடக்கும் தூண்டில் முள் எல்லாம் மணலில் புதைந்திருக்கும். வார்செருப்பில் மணல் புகுந்து வாருக்கும் தோலுக்கும் நடுவே அரைத்து, ஒரு மணி நேரத்தில் கொப்புளம் வைத்துவிடும். வலைத்துணி வைத்த ஓட்டக் காலணி மணலை உள்ளே சேர்க்கும். கெட்டியான கேன்வாஸ் காலணியும், அதன் வாயை மூடிக் கட்டப் பழைய காலுறையின் மேல்பகுதியை வெட்டி எடுத்த பட்டையும் நன்றாக வேலை செய்கின்றன. அலையில் காலணி நனைந்துவிட்டால் காலுறையை மாற்றுங்கள். உப்பு ஈரமும் மணலும் சேர்ந்தால்தான் கொப்புளம் வேகமாக வரும். ஒரு ஜோடி மாற்றுக் காலுறை பையில் இருக்கட்டும்.

முழுக்கை வெளிர்நிறப் பருத்திச் சட்டை. அகலத் தொப்பிக்குத் தாடைக் கயிறு அவசியம். வாடையில் கயிறில்லாத தொப்பி கடலுக்குத்தான் போகும். குடை இந்தக் காற்றில் நிற்காது. பின்கழுத்துதான் மறந்துபோகும் இடம்: காலையில் மேற்கே திரும்பும்போது முழு வெயிலும் அங்கேதான் அடிக்கும். பருத்தித் துண்டை நனைத்துத் தொப்பிக்குள் இட்டுக் கழுத்து மூட விடுங்கள். கறுப்புக் கண்ணாடி அழகுக்கு இல்லை. வெள்ளை மணலும் இரண்டு கடலும் சேர்ந்து அடிக்கும் பளபளப்பில் கண் எரியும், தலைவலி வரும்.

பையில் முள்வாங்கி, கட்டுத்துணி, ஒட்டுப்பட்டை, விசில், சின்ன டார்ச், ஆதார் நகல், குப்பைக்கு ஒரு பை. எல்லாமாக, தண்ணீரோடு சேர்த்து, ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது.

நடக்கும் காலை

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் நகரப் பேருந்து உண்டு. ஆனால் விடியலில் தொடங்க வேண்டியிருப்பதால் ஆட்டோவோ சொந்த வண்டியோதான் நம்பகமானது. இரவு தங்க அனுமதி கிடையாது. மாலையில் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். காலையில் திறக்கும் நேரத்தை முந்தைய நாளே அங்கே கேட்டு வையுங்கள். விடுதியிலோ வீட்டிலோ ஒருவரிடம், "பத்தரைக்குள் போன் வரலைன்னா தேடுங்க" என்று நேரத்தோடு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தலைமன்னார் இங்கிருந்து 30 கிலோமீட்டருக்குள். கைப்பேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் விழும். டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். எல்லைப் பகுதி என்பதால் கடற்படையோ கடலோரக் காவல் குழுமமோ நிறுத்திக் கேட்பது வழக்கம். அடையாள அட்டையைக் காட்டிப் பணிவாகப் பதில் சொன்னால் ஒரு நிமிட வேலை. டிரோன் கொண்டு போகாதீர்கள்.

தொடங்கும் இடத்தில் மீனவர் யாராவது இருப்பார்கள். வரைபடத்தைவிட அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். "அண்ணே, இன்னைக்கு காத்து எப்படி இருக்கும்? நீவாடு எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டால் போதும் (நீவாடு என்றால் நீரோட்டம்), எந்தக் கரையில் அலை ஏறும், எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

கரைவலை இழுக்கும் இடம் வந்தால் நிதானியுங்கள். கடலிலிருந்து வரும் கயிறு விறைத்து நிற்கும், எந்த நொடியும் உயரும், பக்கவாட்டில் நகரும். அதைத் தாண்டிக் குதிக்கவோ குனிந்து நுழையவோ வேண்டாம். இழுப்பவர்களுக்குப் பின்னால், கயிறு தரையில் சுருளாகக் கிடக்கும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். படம் எடுப்பதானால் கேட்டு எடுங்கள்.

குளிக்க இறங்காதீர்கள். அரிச்சல்முனைப் பக்கம் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதும் இடத்தில், இடுப்பளவு தண்ணீரிலேயே காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். முனைக்கு அப்பால் தெரியும் மணல் திட்டுகள் இந்த நடைக்குள் வருவன அல்ல. ஆழமில்லாத தண்ணீரில் கால் நனைத்து நடப்பதானாலும் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகருங்கள். மணலில் படுத்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும்.

இடிபாடுகள் பவளக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியவை. அறுபது ஆண்டு உப்புக்காற்றில் உள்ளே பொடிந்து போயிருக்கின்றன. தேவாலயச் சுவரின் நிழலில் சாய்ந்து உட்கார ஆசை வரும். சுவரிலிருந்து அதன் உயரத்தளவாவது தள்ளி உட்காருங்கள்.

எடுக்கக் கூடாதவை

கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு, கடல் அட்டை, கடற்குதிரை எதையும் பையில் போடாதீர்கள். உயிரற்றதாக இருந்தாலும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். சில சங்கு வகைகளுக்கும் அதே சட்டம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிட வரும். டிராக்டர் போனதுபோல மணலில் இரட்டைத் தடம் கண்டால், தடம் முடியும் இடத்தில் மிதிக்காமல் விலகி நடந்து, வனத்துறைக்குத் தெரியப்படுத்துங்கள். குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்க நீர்நிலைகளில் பூநாரைகள் நிற்கும். 2025-ல் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பு அவற்றுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவைகள் தலையைத் தூக்கி ஒரே பக்கம் நடக்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். அங்கேயே நின்று பின்வாங்குங்கள். இரைக்காகவே அவ்வளவு தூரம் வந்த பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்பி விடுவது கொடுமை.

ஏதாவது ஆகிவிட்டால்

வெயில் பாதிப்பு படிப்படியாக வரும். முதலில் பேச்சு குறையும், நடை தளரும், 'வாந்தி வர்றமாதிரி இருக்கு' என்பார்கள். அந்தக் கட்டத்திலேயே நிறுத்தி, துணியால் நிழல் கட்டி, கழுத்திலும் அக்குளிலும் தண்ணீர் ஊற்றி விசிறி, ஓ.ஆர்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உளறினாலோ, மயங்கினாலோ, உடல் கொதித்தாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடம்பைக் குளிர வைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் வரும் வண்டியில் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடலாம்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் கொட்டு உறுப்புகளை மேலும் வெடிக்க வைக்கும். கடல்நீரால் அலசி, குச்சியால் இழையை எடுங்கள். மூச்சு வாங்கினால் மருத்துவமனை. திருக்கை குத்தினால் தாங்கும் அளவு சுடுநீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும், சாலையோரத் தேநீர்க் கடையில் கேட்டால் கிடைக்கும். பிறகு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். தூண்டில் முள் ஏறினால் பிடுங்காதீர்கள், அதன் கொக்கி சதையைக் கிழிக்கும். அசையாமல் கட்டி மருத்துவரிடம் போய் டெட்டனஸ் தடுப்புக்கான டி.டி. ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கடலில் யாராவது சிக்கினால் கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

காற்று பலமாக இருக்கும் நாளோ, சின்னப் பிள்ளைகளோ என்றால் திட்டத்தை உச்சிப்புளி அருகே உள்ள அரியமான் கடற்கரைக்கு மாற்றிக்கொள்ளலாம். அங்கே பாக் நீரிணையின் கரை, பக்கத்திலேயே சவுக்கு நிழல். கரையோரமாக ஒரு கிலோமீட்டர் போய், சவுக்குத் தோப்பின் உள்புறமாகத் திரும்பினால் வெயில் படாத பாதிச் சுற்று கிடைக்கும். இரண்டு லிட்டரும் தொப்பியும் அதற்கும் வேண்டும்.

நடை முடிந்ததும் காலணியைக் கழற்றி மணலைக் கொட்டி, கணுக்காலிலும் விரலிடுக்கிலும் முள்ளோ வெட்டோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். உப்பில் ஊறிய காலுக்கு வலி உடனே தெரியாது. பிறகு, யாரிடம் நேரம் சொல்லிவிட்டு வந்தீர்களோ அவருக்குப் போன் செய்துவிடுங்கள்.